1,500 ரூபாய்க்கு எத்தனை குவார்ட்டர்?

மூன்றுசக்கரம்:
நேற்று ‘குடியாத்தத்தான்’ எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. குடிக்கிற மாற்றுத்திறனாளிக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பது டாஸ்மாக்குக்கு ஆள் பிடித்துத் தருவது மாதிரியாம். ஏடிஎம் கார்டை வீட்டார் வாங்கி வைத்துக்கொண்டால் குடி தானாக நின்றுவிடுமாம். தொகை 1,500. குவார்ட்டர் 150 என்றே வையுங்கள். பத்து வரும். மாதத்துக்கு 30 நாள். மீதி 20 நாள் எந்தக் காசில் குடிக்கிறானாம்?

குடியாத்தத்தான்:
பாதிப் பாதி கட்டிங்காகப் பிரித்தால் இருபது வரும் சார். எங்களுக்கும் கணக்குத் தெரியும். நான் எழுதியது என் தம்பியைப் பற்றி. மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி, எட்டு வருடமாகச் சக்கர நாற்காலி. பணம் ஏறிய அன்று ஆட்டோ பிடித்துப் போய்விடுவான். அப்புறம் அவனுடைய படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எழுபது வயது அம்மா. உங்களுக்கென்ன, தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

மூன்றுசக்கரம்:
நானா? இரண்டு காலிலும் போலியோ. 2016 ஊனமுற்றோர் சட்டம் 13ஆம் பிரிவைப் படியுங்கள். தன் பணத்தைத் தானே நிர்வகிக்க மற்றவர்களுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு. சம்பளம் வாங்கிக் குடிக்கிற உங்கள் தெருக்காரன் கார்டை யாராவது பிடுங்கினார்களா? போகட்டும், மீதி 20 நாள்?

குடியாத்தத்தான்:
13ஆம் பிரிவு வந்து கட்டு மாற்றுமா?

பாலாற்றுமணல்:
2003லிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவதே அரசு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் தம்பியைத் திட்டி என்ன பயன்? நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1939லேயே மதுவிலக்கு வந்தது. ராஜாஜி காலம்.

மூன்றுசக்கரம்:
மணல் அண்ணே, போன வருடம் கல்யாண மண்டபத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப்பாதை வேண்டும் என்று பேசியபோது ‘நாலு பேர் தூக்கிவிட்டால் போச்சு’ என்றவர் நீங்கள்தானே? மறக்கவில்லை.

பாலாற்றுமணல்:
அந்த மண்டபம் இருப்பது ராணிப்பேட்டையில். அது 2019லேயே தனி மாவட்டமாகிவிட்டது. அங்கே போய்க் கேளுங்கள்.

பாகாயம்செவிலி:
தம்பி தினமும் குடிக்கிறாரா, எவ்வளவு, எத்தனை வருடமாக? இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே. தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து உளறுவார்கள். உயிரே போகலாம். டாக்டர் பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து நிறுத்த வேண்டிய விஷயம், கார்டைப் பிடுங்கி நிறுத்துவது இல்லை. இன்னொன்று, தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதோடு மதுவும் சேர்ந்தால் அடித்துப்போட்டது போலத் தூங்குவார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் இரவெல்லாம் ஒரே பக்கம் கிடந்தால் புண் வராமல் என்ன செய்யும்?

குடியாத்தத்தான்:
அம்மா, அப்படியென்றால் குடிக்கட்டும் என்கிறீர்களா?

பாகாயம்செவிலி:
எங்கே சொன்னேன்? மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்றேன்.

குடியாத்தத்தான்:
கூட்டிப் போகாமலா இருந்தேன்? மறுவாழ்வு மையம் ஒன்று. பெயர் வேண்டாம். வார்டு முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. கீழேயே ஒரு கட்டில் போடுங்கள் என்று கெஞ்சினேன். மூத்திரக் குழாய் போட்டவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, முதலில் அதைச் சரிசெய்து கூட்டி வாருங்கள் என்றார்கள். முதுகெலும்பைச் சரிசெய்து கூட்டிவர வேண்டுமாம். முதுகு பார்க்கிற இடத்தில் குடியை விட்டுவிட்டு வா என்றார்கள். அதற்குப் பிறகுதான் கார்டைக் கையில் எடுத்தேன்.

பாகாயம்செவிலி:
மதுவால் வரும் மனநலச் சிக்கலும் 2017 மனநலச் சட்டத்துக்குள் அடக்கம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

மூன்றுசக்கரம்:
பார்த்தீர்களா, குற்றம் படிக்கட்டில். பிடுங்கியது கார்டை! நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 1,500க்குப் பத்து. மீதி 20 நாள்?

பாலாற்றுமணல்:
குவார்ட்டர் 150 என்று யார் சொன்னது? கடை மூடிய பிறகு பிளாக்கில் வாங்கினால் ஆறுகூடத் தேறாது.

மூன்றுசக்கரம்:
சரி, ஆறு. அப்போது மீதி 24 நாள். கேள்வி இன்னும் பெரிதாகிறது அண்ணே, நன்றி.

குடியாத்தத்தான்:
மீதி நாளெல்லாம் நான் வாங்கித் தருகிறேன். போதுமா? கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான், அம்மா அழுவார், நான் போய் ஒரு கட்டிங் வாங்கி வருவேன். இதற்குத்தானே ஒற்றைக் காலில் நின்றீர்கள்?

மூன்றுசக்கரம்:
‘ஒற்றைக் காலில்’ என்று என்னிடம் சொல்கிறீர்கள். சபாஷ். பிடுங்க வேண்டியது அப்போது யார் கார்டை? உங்களுடையதை.

குடியாத்தத்தான்:
வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் கார்டு என்னிடம்தான் இருக்கும்.

பாகாயம்செவிலி:
தினமுமா என்று கேட்டிருந்தேன். வலிப்பு ஏதாவது வந்திருக்கிறதா?

மூன்றுசக்கரம்:
13ஆம் பிரிவை மறுபடி போடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பாலாற்றுமணல்:
அந்த மண்டபத்தில் இப்போது சாய்வுப்பாதை போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. யாராவது பார்த்தீர்களா?

மூன்றுசக்கரம்:
பார்த்தேன். அதன் மேல் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.