ஓரிடத்தில் மாற்றிய தொலைபேசி இலக்கம் எல்லாப் பக்கங்களிலும் மாறவில்லை: உதவி தேவை

நீர்ப்பம்பிக் கடை | திங்கள், இரவு 9.10

வணக்கம். மாமாவின் கடையில் நீர்ப்பம்பிகளும் உதிரிப்பாகங்களும் விற்கிறோம். கணக்கெழுதச் சேர்ந்த என் தலையில் இணையத்தளமும் விழுந்துவிட்டது. அதைச் செய்துதந்தவர் இப்போது வெளிநாட்டில். தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் இருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்த்து 64 பக்கங்கள்.

சென்ற மாதம் அலுவலகம் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாறியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முகவரி, 011இல் தொடங்கும் இலக்கம், திறந்திருக்கும் நேரம் அடங்கிய ஒரு பெட்டி இருக்கிறது. அது ‘சிங்க்ட் பட்டர்ன்’ என்றும், மொழிக்கு ஒன்றாக மூன்றே மூன்றுதான் என்றும், அவற்றை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் தாமாக மாறும் என்றும் அவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றையும் மாற்றிச் சேமித்தேன்.

கடைக் கணினியில் 64 பக்கங்களையும் திறந்து பார்த்துத் தாளில் குறித்தேன். 42 பக்கங்களில் புதிய இலக்கம், 22இல் பழையது. அன்றிரவு வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் பார்த்தால், நான்கே நான்கு பக்கங்களில்தான் புதியது. மீதி 60உம் பழையபடி. கைத்தொலைபேசியின் உலாவி வரலாற்றை அழித்துவிட்டும் பார்த்தேன், அதே நான்கு.

பழைய தொலைபேசி இணைப்பு இம்மாதக் கடைசியில் துண்டிக்கப்படுகிறது. நேற்று ஒருவர் பழுதான பம்பியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு புறக்கோட்டைக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அழைத்தார். “ஒரு இலக்கத்தை மாற்ற மூன்று கிழமையா?” என்று மாமா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

மருதானைச் சந்தி | திங்கள், இரவு 9.32

எதற்கு இந்தச் சிக்கல்? தரவுத்தளத்தைத் திறந்து பழைய இலக்கத்தைத் தேடி, புதியதைப் போட்டுவிடுங்கள். ஒரே வரிக் கட்டளை. ஐந்து நிமிடம்.

கொட்டாஞ்சேனையான் | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, மேலே சொன்னதை இன்றிரவு செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கைத்தொலைபேசியில் சரியாகத் தெரிந்த அந்த நான்கு பக்கங்களையும் பட்டர்னை மாற்றிய பிறகு வேறு ஏதாவது வேலைக்காகத் திறந்து சேமித்தீர்களா?

நீர்ப்பம்பிக் கடை | திங்கள், இரவு 10.21

ஆமாம் அண்ணா! நான்கு பம்பிகளுக்கு விலை மாறியிருந்தது, அந்தப் பக்கங்களில் விலையை மட்டும் திருத்தினேன். அடியிலிருந்த பெட்டியைத் தொடவே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கொட்டாஞ்சேனையான் | திங்கள், இரவு 11.02

உங்கள் தாளில்தான் இருக்கிறது. எண்ணிக் குறித்துவைத்துக்கொண்டு உதவி கேட்பவர்கள் குறைவு, அதனால் வேலை இலகுவாகிவிட்டது.

உங்களிடம் இருப்பது இரண்டு வேறு பழுதுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

முதலாவது, கேஷ். பக்கத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டாமல், ஒரு தடவை கட்டியதைக் கோப்பாக வைத்திருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும் பிளகின் (கூடுதல் செருகுநிரல்) ஒன்று உங்கள் தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சேமித்தால் அந்தப் பக்கத்தின் பிரதியை அது தூக்கி எறிந்துவிடும். நீங்கள் சேமித்ததோ பட்டர்னை. வேர்ட்பிரஸில் பட்டர்ன் என்பது தனியொரு பதிவு. பக்கத்துக்குள் அதன் எண் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எந்தெந்தப் பக்கங்கள் அந்த எண்ணைச் சுட்டுகின்றன என்று பல கேஷ் பிளகின்கள் தேடிப் பார்ப்பதில்லை. ஆகவே பழைய பிரதிகளையே விநியோகித்துக்கொண்டிருக்கிறது. விலைக்காக நீங்கள் சேமித்த நான்கு பக்கங்கள் மட்டும் புதிதாகக் கட்டப்பட்டன. கடைக் கணினியில் நீங்கள் நிர்வாகியாக உள்நுழைந்திருப்பீர்கள். உள்நுழைந்தவர்களுக்குப் பொதுவாக இந்தப் பிரதி கொடுக்கப்படுவதில்லை. அதனால்தான் உங்களுக்கு ஒரு தளம், வாடிக்கையாளருக்கு இன்னொரு தளம்.

பிளகினில் ‘அனைத்தையும் அழி’ என்று இருப்பதை அழுத்துங்கள். முன்னால் சீடிஎன் (பக்கங்களின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) ஏதாவது இருந்தால் அங்கும் ஒரு தடவை அழிக்க வேண்டும். பிறகு உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் பாருங்கள். 42 பக்கங்களும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மீதி 22க்கும் கேஷுக்கும் சம்பந்தமில்லை. உள்நுழைந்த கணினியிலேயே அவை பழையதாகத் தெரிகின்றனவே. அவற்றில் ஒன்றை எடிட்டரில் திறந்து அடிப்பெட்டியைச் சொடுக்குங்கள். பட்டர்னின் பெயர் தெரிகிறதா, அல்லது வெறும் பத்தியாக நிற்கிறதா?

நீர்ப்பம்பிக் கடை | செவ்வாய், காலை 8.47

அழித்தேன். கைத்தொலைபேசியில் இப்போது 42! மாமாவின் கைத்தொலைபேசியிலும் பார்த்தாகிவிட்டது.

மற்றவற்றில் மூன்றைத் திறந்து பார்த்தேன். பட்டர்னின் பெயர் இல்லை, சாதாரணப் பத்திதான். இவற்றில் பெட்டியின் பின்னணி நீலம், மற்றப் பக்கங்களில் சாம்பல் நிறம். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கிறதா?

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், காலை 9.30

நிறையவே. செய்தவருக்குச் சில பக்கங்களில் நீலப் பெட்டி தேவைப்பட்டிருக்கிறது. பட்டர்னுக்குள் நிறத்தை மாற்றினால் எல்லா இடத்திலும் நீலமாகிவிடும். ஆகவே ‘டிட்டாச்’ கொடுத்துப் பிரித்துவிட்டார். பிரித்த கணத்திலிருந்து அது தாய்வீட்டுத் தொடர்பு அறுந்த தனிப் பிரதி. மையத்தில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம்.

சரியான வழி இது. பட்டர்னுக்குள் நிறம் எதுவும் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ‘குரூப்’ பிளாக்கை (மற்றவற்றை உள்ளே வைக்கும் உறையை) போட்டு, அதற்கு நீலத்தைக் கொடுத்து, அதற்குள் பட்டர்னை வையுங்கள். நிறம் பக்கத்துக்குச் சொந்தம், இலக்கம் மையத்துக்குச் சொந்தம்.

2024இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து ஒரே பட்டர்னுக்குள் சில பகுதிகளை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அது எழுத்து, படம், பொத்தான் போன்ற உள்ளடக்கத்துக்கே உதவும். நிறத்துக்கு உதவாது. பதிப்பு பழையது என்றால் பெயர்களும் வேறாக இருக்கும்: 2018இல் 5.0 பதிப்பில் வந்தபோது இதற்கு மீள்பயன்பாட்டு பிளாக் என்று பெயர், 2023இல் 6.3 பதிப்பில்தான் சிங்க்ட் பட்டர்ன் ஆனது. பழைய விளக்கங்களைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

மருதானைச் சந்தி | செவ்வாய், காலை 10.12

22 பக்கங்களையும் கையால் செய்யச் சொல்கிறீர்களா? அதற்குத்தான் நேற்றே ஒரே வரியில் வழி சொன்னேன்.

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், காலை 10.40

சரி, காரணம் இதோ. பக்கங்களின் உடல் வெறும் எழுத்துத்தான், அங்கே உங்கள் ஒரு வரி ஆபத்தில்லாமல் முடியலாம். ஆனால் விட்ஜெட்டுகள் (பக்கத்தின் ஓரத்திலும் அடியிலும் வரும் சிறு பெட்டிகள்), பிளகின் அமைப்புகள் போன்றவற்றை வேர்ட்பிரஸ் பெரும்பாலும் தன் நிரல்மொழியான பிஎச்பியின் சீரியலைஸ் வடிவத்தில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அது எத்தனை பைட் என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘புறக்கோட்டை’ 33 பைட், ‘வெள்ளவத்தை’ 30 பைட். சொல்லை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டால் கணக்கு பிழைக்கும், அந்த அமைப்பு முழுவதையும் வேர்ட்பிரஸால் படிக்க முடியாமல் போகும். முகவரியை மாற்றப் போய் அடிப்பகுதியே காணாமல்போன தளத்தை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து மீட்டவன் நான். அது என் சொந்தக் கைங்கரியம்.

தேடி மாற்றத்தான் வேண்டும் என்றால், இந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும் கட்டளைவரிக் கருவி வேர்ட்பிரஸுக்கு இருக்கிறது. முதலில் முழுக் காப்புப் பிரதி, பிறகு எதையும் எழுதாத ஒத்திகை ஓட்டம், அதன்பிறகே உண்மை ஓட்டம். அப்போதும் என்ன கிடைக்கும்? பழைய இலக்கத்தின் 22 பிரதிகளுக்குப் பதிலாகப் புதிய இலக்கத்தின் 22 பிரதிகள். அடுத்த தடவை இடம் மாறும்போது இதே இழையை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

நீர்ப்பம்பிக் கடை | செவ்வாய், பிற்பகல் 3.18

மாற்றப் போகவில்லை. எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒத்திகை மட்டும் ஓட்டினேன். இலக்கத்தைத் தேடினால் பாதி அகப்படவில்லை. ஓரிடத்தில் இடைவெளி, ஓரிடத்தில் சிறுகோடு, ஓரிடத்தில் +94. ஆகவே முகவரியைத் தேடினேன். ஆங்கிலத்தில் தேடினால் 117 இடங்கள் என்கிறது! எங்களிடம் அத்தனை பக்கங்களே இல்லையே. தமிழில் ‘கொழும்பு 11’ (புறக்கோட்டையின் அஞ்சல் பகுதி) என்று தேடினால் நேர்மாறாக இருக்கிறது: பிரிந்த பக்கங்களில் தமிழ்ப் பக்கங்கள் 9, அவற்றில் மூன்றைத்தான் காட்டுகிறது. மற்ற ஆறிலும் ‘கொழும்பு 11’ என்று கண்ணால் பார்க்கிறேன், கருவி இல்லை என்கிறது.

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், பிற்பகல் 3.50

117க்குப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய வடிவத்தை வேர்ட்பிரஸ் அதே அட்டவணையில் வைத்திருக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. தமிழ் விடயம் எனக்கும் புதிர்.

அச்சுக்கூடத்தார் | செவ்வாய், மாலை 6.25

பிள்ளை, அந்த ஆறு பக்கங்களும் பழையவையாக இருக்கும். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கியிருப்பார்கள்.

பாமினியில் ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று தட்டு. யுனிகோடிலோ ‘கொ’வுக்கு ககரமும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும் போதும். கவனமில்லாத மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவே விட்டுவிடும். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். கணினிக்கு முதலாவது ‘கொழும்பு’ 24 பைட், இரண்டாவது 27 பைட். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி இரண்டையும் வேறு ஊர்களாகத்தான் பார்க்கும்.

புறக்கோட்டையிலும் இதே ஓகாரச் சிக்கல் உண்டு. வெள்ளவத்தையில் இல்லை. நல்ல இடத்துக்குத்தான் கடையை மாற்றியிருக்கிறீர்கள்.

அந்த ஆறு பக்கங்களில் ஒன்றிலிருந்து ‘கொழும்பு’ என்ற சொல்லைப் பிரதியெடுத்து, அதையே தேடற்பெட்டியில் ஒட்டித் தேடிப் பாருங்கள்.

நீர்ப்பம்பிக் கடை | செவ்வாய், இரவு 7.40

ஐயா, ஆறும் அகப்பட்டன! கூடவே நான் கணக்கில் எடுக்காத ஒரு பழைய அறிவிப்பும் வந்தது.

மருதானைச் சந்தி | செவ்வாய், இரவு 8.15

இதை நான் அறிந்திருக்கவில்லை. என் ஒரு வரி அந்த ஆறையும் தாண்டிப் போயிருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு யோசனை. பெட்டி முழுவதையும் விடுங்கள். இலக்கம், கிளையின் பெயர், வற் (பெறுமதி சேர்) வரி வீதம் ஆகியவற்றை அமைப்புப் பக்கத்தில் ஒரு தடவை எழுதிவைத்து, பத்திகளுக்கு நடுவே ஷோர்ட்கோட் (அந்த மதிப்பை இழுத்துவரும் சிறு குறி) போட்டால் எந்த வாக்கியத்துக்குள்ளும் வந்துவிடும். பட்டர்னைவிட நுணுக்கமான வழி.

அச்சுக்கூடத்தார் | செவ்வாய், இரவு 9.05

இலக்கத்துக்கும் வீதத்துக்கும் சரி. பெயருக்குத் தமிழில் சரிவராது தம்பி. ‘வெள்ளவத்தையில்’ என்று வர வேண்டிய இடத்தில் ஷோர்ட்கோட் போட்டு, அதன் பின்னால் ‘இல்’ என்று எழுதினால் ‘வெள்ளவத்தைஇல்’ என்று அச்சாகும். யகரம் யார் போடுவது? நாளை கிளை கல்கிசைக்கு மாறினாலும் அதே கதை, பாணந்துறைக்கு மாறினாலும் அதே கதை. பெயர் ‘கொழும்பு’ என்றால் இன்னும் மோசம், ‘கொழும்புஇல்’ என்று வரும். ‘கிளை: வெள்ளவத்தை’ என்று வேற்றுமை உருபு தேவைப்படாத இடத்தில் வையுங்கள், அல்லது முழு வாக்கியத்தையும் மையத்தில் வையுங்கள். சிங்களத்திலும் பெயரோடு உருபு சேரும், ஆங்கிலத்துக்கு மட்டும்தான் இந்தக் கவலை இல்லை.

நீர்ப்பம்பிக் கடை | புதன், இரவு 10.30

22 பக்கங்களையும் முடித்துவிட்டேன். பெட்டியை அழித்து, நீல குரூப்புக்குள் பட்டர்னை வைத்து, சேமித்து, அடுத்தது. மூன்று மணித்தியாலம். நடுவில் மின்சாரம் போய் அரை மணித்தியாலம் வீண்.

வேலையோடு வேலையாக இன்னொன்றும் அகப்பட்டது. இரண்டு பக்கங்களில் ‘விலைகள் 15 வீத வற் வரியுடன்’ என்று நிற்கிறது. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம்! இத்தனை நாளும் ஒருவரும் கவனிக்கவில்லை. அதையும் மூன்று மொழிக்கு மூன்று பட்டர்னாக்கினேன். போயா (பௌர்ணமி விடுமுறை) தின அறிவிப்புக்கும் அதே மாதிரிச் செய்யலாம் என்றிருக்கிறேன். போயா முடிந்ததும் அந்தப் பட்டர்னை அழித்துவிடலாமா?

கொட்டாஞ்சேனையான் | புதன், இரவு 10.52

அழிக்காதீர்கள். அழித்தால் பக்கங்களிலுள்ள எண் எதையும் சுட்டாமல் போகும். வாசகருக்கு அந்த இடம் வெறுமையாக இருப்பதால் பிழை தெரியாது, எடிட்டரில் மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்று வரும். அடுத்த மாதம் புதிய பட்டர்ன் செய்தால் அதன் எண் வேறு. 64 பக்கங்களுக்கும் மறுபடி நடக்க வேண்டும். உள்ளிருக்கும் எழுத்தை மட்டும் வெறுமையாக்குங்கள், அடுத்த போயாவுக்குத் திகதியை எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் கேஷை அழிக்க மறக்க வேண்டாம்.

இன்னும் மூன்று இடம் பாருங்கள்: தேடுபொறிக்கான பிளகினின் அமைப்பில் முகவரி தனியாக இருக்கும், விலைப்பட்டியல் பிடிஎப் ஏதாவது இருந்தால் அதற்குள் இருக்கும், பதாகைப் படங்களில் எழுத்தாகப் பொறித்தும் இருக்கலாம். இவற்றை எந்தத் தேடற்கருவியும் பக்கங்களுக்குள் கண்டுபிடிக்காது.

நீர்ப்பம்பிக் கடை | வியாழன், காலை 9.15

தேடுபொறி அமைப்பில் பழைய முகவரியேதான் இருந்தது, மாற்றினேன். பிடிஎப் புதிதாகச் செய்து ஏற்றியாகிவிட்டது. முகப்புப் பதாகையில் பழைய இலக்கம் கொட்டை எழுத்தில் படத்துக்குள்ளேயே இருக்கிறது! அதன் மூலக் கோப்பு செய்தவரிடம். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்குப் பதாகையை எடுத்துவிட்டேன், முகப்பு கொஞ்சம் மொட்டையாகத்தான் தெரிகிறது.

பழைய இணைப்பை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்க மாமா சம்மதித்துவிட்டார். புறக்கோட்டைக் கதவிலும் புதிய முகவரியை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.