சினிமாவில் பிடிபடும் ராகம் நாயனத்தில் ஏன் நழுவுகிறது?

குடந்தைவாசி

மோகனம், இந்தோளம், சுத்த சாவேரி மூன்றும் சினிமாப் பாட்டில் ஓரளவு பிடிபடுகின்றன. அதையே நாயனத்திலோ (நாதஸ்வரம்) ஓதுவார் குரலிலோ கேட்டால் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடுகிறேன். திரையிசை, கீர்த்தனை, தேவாரம், நாயனம் என்று நான்கிலும் ஒரே ராகத்தைத் தொடர்ந்து கேட்க உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லுங்கள். எங்கே தவறு நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. கீபோர்டு இருக்கிறது. பாடம் சரளி, ஜண்டை என்ற ஆரம்பப் பயிற்சிகளோடு சரி.

மேலவீதி

நீங்கள் சொன்ன மூன்று ராகத்திலேயே விடை இருக்கிறது. காது சுரங்களைச் சரியாகத்தான் பிடிக்கிறது, ஆதார ஷட்ஜத்தை, அதாவது அடியில் நிற்கும் ‘ச’வைத்தான் தவற விடுகிறது. மூன்றும் ஐந்து சுர ராகங்கள். ஒன்றின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ‘ச’வை மட்டும் இடம் மாற்றினால் மற்றது வந்துவிடும்.

கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் நாலரைக் கட்டையை (F#) அழுத்திப் பிடித்தபடி வலது கையால் கறுப்பை மட்டும் வாசித்தால் மோகனம். வலது கையில் எதையும் மாற்றாமல் இடது கையை ஐந்தரைக்குக் (G#) கொண்டுபோனால் மத்யமாவதி, ஆறரைக்குப் (A#) போனால் இந்தோளம், ஒன்றரையில் (C#) சுத்த சாவேரி, இரண்டரையில் (D#) சுத்த தன்யாசி. தினம் பத்து நிமிஷம் இதை மட்டும் செய்யுங்கள். சுரம் அதேதான், ஆனால் அடியில் நிற்கும் ஒலி மாறியதும் பாவமே மாறுவது ஒரு வாரத்தில் காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

சுத்த சாவேரியில் மத்யமம் (ம) நீண்டு நிற்கும். அதை ‘ச’ என்று எடுத்துக்கொண்டால் மோகனம் என்றுதான் சொல்வீர்கள். இதுவே அடிக்கடி நடக்கும் பிழை.

பாட்டுகள்: மோகனத்துக்கு ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தின் ‘நின்னுக்கோரி வர்ணம்’. உடனே பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் ‘நின்னுக்கோரி’ வர்ணத்தைக் கேளுங்கள். இந்தோளத்துக்கு ‘நான் தேடும் செவ்வந்திப் பூவிது’, பிறகு தியாகராஜரின் ‘சாமஜவரகமனா’. சுத்த சாவேரிக்கு ‘கோவில் மணி ஓசை’, பிறகு ‘தாரினி தெலுசுகொண்டி’. சினிமாப் பாட்டில் பல்லவியை மட்டும் வைத்துப் பாருங்கள். இடையிசையில் வயலின் கூட்டம் கார்டு வாசிக்கும்போது ராகத்தில் இல்லாத சுரம் வரும், சரணத்தில் ராகமே மாறலாம்.

ஒத்துச்சுருதி

மேலவீதி ஐயா சொன்னது அடிப்படை. நாயனத்துக்கு இன்னும் இரண்டு சங்கதி உண்டு.

ஒன்று, சுருதி. கோயிலில் தவிலுக்கு நேரே நின்றால் ஒத்தோ (சுருதி மட்டும் பிடிக்கும் துணை நாயனம்) சுருதிப் பெட்டியோ காதில் விழாது. ஒத்து வாசிப்பவர் பக்கமாக, தவிலிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். பதிவில் கேட்கிறீர்கள் என்றால் தம்புரா செயலியை இரண்டு கட்டையில் ஆரம்பித்து மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். நீளமான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். திமிரி அதைவிட நீளம் குறைவு, சுருதி கூடுதல். பழைய இசைத்தட்டுப் பதிவுகள் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் இடையில் நிற்பதுண்டு. தட்டு சுழன்ற வேகம் கொஞ்சம் மாறினாலே சுருதியும் மாறிவிடும். செயலியில் நுண்சுருதி ஏற்றி இறக்கும் வசதி இருக்கும், அதைக் கொண்டு சேருங்கள்.

இரண்டு, அசைவு. நாயனத்தில் வாசிக்கும் துளைகள் ஏழுதான். துளையைப் பாதி, கால் என்று திறப்பதும் வாய் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும்தான் மற்ற எல்லாம். ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். கீபோர்டில் அப்படி ஒரு ஒலி கிடையாது. தோடி காந்தாரத்தைக் கீபோர்டில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அது ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிற சுரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதற்காகவே கேட்க வேண்டும், ஆனால் அது முதல் பாடம் இல்லை.

முதல் பாடம் ஆபேரி. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’. எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க, குரலும் நாயனமும் மாறி மாறி வருகின்றன. குரலில் புரிந்த பிடி நாயனத்தில் எப்படி ஒலிக்கிறது என்று அங்கேயே ஒப்பிட்டுவிடலாம். இந்தப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. அடுத்து ‘நகுமோமு’.

ஒரு எச்சரிக்கை: ஆபேரியும் சுத்த தன்யாசியும் ஏறும்போது ஒன்றுதான், ச க ம ப நி. இறங்கும்போது தைவதமும் (த) ரிஷபமும் (ரி) வந்தால்தான் ஆபேரி. இறக்கம் கேட்காமல் பெயர் சொல்லாதீர்கள்.

கொள்ளிடக்கரை

தேவாரப் பகுதியை யாரும் தொடவில்லையே. ராகம் பழக ஓதுவார் பாடும் பதிகம் அருமையான இடம். சம்பந்தர் பதிகத்தில் பெரும்பாலும் 11 பாட்டு, 11க்கும் ஒரே மெட்டு. முதல் பாட்டில் தவறவிட்டதை ஐந்தாவதில் பிடிக்கலாம். தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடும்போது ஒவ்வொரு சுரத்திலும் நின்று போவதால் இன்னும் எளிது.

பண் (தேவாரத்தின் பழைய ராகம்) பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இன்றைய வழக்கில் பழந்தக்கராகம் சுத்த சாவேரி, தக்கராகம் காம்போதி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி, கௌசிகம் பைரவி. ஆனால் ‘குறிஞ்சி’ப் பண்ணைக் குறிஞ்சி ராகம் என்று நினைத்துவிடாதீர்கள், அதை ஹரிகாம்போதியில்தான் பாடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வரிசை சொல்கிறேன். சீர்காழியில் சம்பந்தர் பாடிய ‘தோடுடைய செவியன்’, பண் நட்டபாடை. இப்போது கம்பீரநாட்டையில் பாடுவார்கள். அடுத்து, சுவாமி புறப்பாட்டில் நாயனத்தில் வரும் மல்லாரி, அதுவும் கம்பீரநாட்டை. மூன்றாவது, திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்னத்தின் முதல் கீர்த்தனை ‘ஜகதானந்தகாரக’. இது மட்டும் நாட்டை. மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.

குடந்தைவாசி

கறுப்புக் கட்டைப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன், நன்றி. இரண்டு சந்தேகம். நாட்டையையும் கம்பீரநாட்டையையும் எப்படிப் பிரிப்பது? நடவுப் பாட்டு, தாலாட்டையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

மேலவீதி

நடவுப் பாட்டைக் கேளுங்கள், பெயர் தேடாதீர்கள். நாலே சுரத்துக்குள் நிற்கிற மெட்டுக்கு ராகப் பெயர் ஒட்டாது. தாலாட்டு என்றாலே நீலாம்பரி என்று முடிவு கட்டுவதும் தப்பு.

கொள்ளிடக்கரை

கம்பீரநாட்டையில் ரிஷபமும் தைவதமும் கிடையாது, ச க ம ப நி மட்டும். அதனால் இறங்கும்போது ‘ப ம க ச’. நாட்டை இறங்கும்போது காந்தாரத்தை விட்டுவிட்டு ‘ப ம ரி ச’ என்று வரும், அந்த ரிஷபம் ஷட்ஸ்ருதி, ரிஷபத்தில் மிக உயர்ந்தது. வரி முடிந்து ஷட்ஜத்தில் வந்து உட்காரும் இடத்தில் காதை வையுங்கள். மல்லாரி வேகமெடுத்த பிறகு இது கேட்காது, புறப்பாட்டுக்கு முன்பே போய் மெதுவான முதல் காலத்திலேயே நின்று கேளுங்கள்.