மறு: காஸ்ட்யூம் ஸ்டடி – ‘பயில்வரைவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

ஓவியர்களின் ‘காஸ்ட்யூம் ஸ்டடி’க்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் வந்த ‘ஆடை ஆய்வு’ எனக்குச் சரியாகப் படவில்லை. படத்துக்குக் கீழே ‘உதுமானிய வீரர், நீர்வண்ண ஆடை ஆய்வு’ என்று போட்டால் படிக்கிறவருக்கு விமான நிலையச் சுங்கச் சோதனைதான் நினைவுக்கு வரும். ஆய்வு என்றாலே நமக்குக் கட்டுரை, முடிவுரை, பட்டம். ஓவியர்கள் சொல்லும் ஸ்டடி, ஒரு பொருளை வரைந்து வரைந்தே கைக்குப் பழக்கிக்கொள்வது.

பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவையே பாருங்கள். 1824இல் ‘கீயோஸ் படுகொலை’ என்ற ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது அவர் கீழை நாடுகள் பக்கமே போனதில்லை, மொராக்கோ பயணம்கூட 1832இல்தான். எகிப்து, கிரேக்கம் எல்லாம் சுற்றி வந்த ஓகுஸ்த் என்ற ஓவிய நண்பர் சேர்த்து வைத்திருந்த உடைகளையும் ஆயுதங்களையும் இரவல் வாங்கி, பாரிஸில் உட்கார்ந்தே வரைந்து பழகினார். நீர்வண்ணத்தில் கைதேர்ந்த ஆங்கில ஓவியர் பானிங்டனும் கொஞ்ச காலம் டெலக்ருவாவின் ஓவியக்கூடத்திலேயே வேலை பார்த்தார்.

இந்த மாதிரித் தாள்களில் முகம் பல நேரம் பாதியில் நிற்கும், காலுக்குக் கீழே தரைகூட இருக்காது, ஆனால் இடைக்கச்சு எத்தனை சுற்று, அதில் யாத்தகான் வாள் எந்தச் சாய்வில் செருகியிருக்கிறது, சல்வார் முழங்காலில் எப்படி மடிகிறது என்பதில் கண் ஊன்றி நின்றிருப்பது தெரியும். தலைப்பாகையின் வெள்ளை பெரும்பாலும் பூசாமல் விட்ட வெறும் தாள்.

அதனால்தான் ‘பயில்வரைவு’ என்கிறேன். ‘பயிற்சி ஓவியம்’ பள்ளிக்கூட நோட்டு மாதிரி ஒலிக்கிறது. ‘முன்வரைவு’ என்றால் அடுத்து ஒரு பெரிய ஓவியம் வந்தே தீர வேண்டும், எல்லாத் தாளுக்கும் அப்படி வருவதில்லை.

அப்புறம், காஸ்ட்யூமுக்கு ‘வேடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. உடைக்குள் நிற்பவர் பாரிஸ்காரராகவே இருக்கலாமே! ஆனாலும் ஓவியர் பயில்வது துணியை, ஆளை அல்ல. ‘உடை’ போதும். வீரரை ‘ஜானிசரி’, அதாவது உதுமானிய சுல்தானின் காலாட்படைக்காரர், ஆக்கும் ஆசையும் வேண்டாம். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது அந்தப் படையையே ஒழித்துவிட்டார் என்பது ஒருபுறம், கச்சில் கைத்துப்பாக்கியும் யாத்தகானும் செருகியவர்கள் அல்பேனிய வீரர்களிலும் உண்டு. படத்தில் பெயர் இல்லையென்றால் நாமாகச் சூட்டக் கூடாது.

ஆக என் வரி: ‘உதுமானியப் படைவீரர் – உடைப் பயில்வரைவு, தாளில் பென்சில், நீர்வண்ணம்.’ வேறு சொல் வைத்திருப்பவர்கள் இப்படி முழு வரியாகவே எழுதிக் காட்டுங்கள், தனிச்சொல்லாக வேண்டாம்.