தொப்பூர் ஏற்றத்தில் கொதித்த வண்டியும் பானெட்டில் வெட்டிய செவுள்களும்

தருமபுரியிலிருந்து:

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கத்திரி வெயில். என்னிடம் இருப்பது 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. அதே சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் என் வண்டியை ஸ்பிட்ஃபயரின் ஏழைப் பங்காளி என்று சொல்லிக்கொள்வேன். எஞ்சின் 948 சிசி. பானெட் தனி மூடி அல்ல. இரண்டு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் பானெட்டில் செவுள் வெட்டியிருந்தேன். ஆங்கிலத்தில் லூவர் என்பதை எங்கள் பக்கத்து டிங்கர்கள் மீனின் செவுளை நினைத்து அப்படித்தான் சொல்கிறார்கள். ஜாகுவார் ஈ டைப் படம் ஒன்றைக் காட்டி, "இதைப் போல வேண்டும்" என்றேன். 1961இல் வந்த அந்தக் காருக்கு மூக்கு மட்டுமே என் வண்டியில் பாதி இருக்கும். அந்த அமைப்பைச் சுருக்கி என் குட்டை மூக்கில் பதித்தபோது செவுள்கள் முன் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றுவிட்டன. பார்க்க அழகாக இருந்தது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சமவெளியிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சரியில்லை. முன்பெல்லாம் 80 கிலோமீட்டர் வேகத்தில் 85 டிகிரியில் நிற்கும் முள் அன்று 95ஐத் தொட்டபடியே தொப்பூர் வந்து சேர்ந்தது. கணவாயில் இறங்குகிறவனுக்குத்தான் தொப்பூர் எமன் என்பார்கள். பழைய வண்டிக்காரனுக்கு ஏறுகிற பக்கமே எமன். முன்னால் ஒரு பார லாரி ஊர்ந்தது. இரண்டாம் கியர், இருபது கிலோமீட்டர் வேகம், முதுகுப் பக்கமிருந்து காற்று. பாதி ஏற்றத்தில் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒதுக்கி நிறுத்தியதும் பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது.

நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பின்னால் நிறுத்திய லாரியிலிருந்து ஒரு பெரியவர், "கையை எடுங்கள் தம்பி!" என்று கத்தினார். சொன்னது நியாயம். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி அது. அது இறுகியிருக்கும் வரை தண்ணீர் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் முகத்தில் பொங்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெரியவர் எஞ்சினை மீண்டும் ஓடவிட்டுச் செவுள் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நிற்கும்போது சூடு வெளியே வருகிறது, சரி. ஓடும்போதும் வருகிறது என்று யார் பார்த்தார்கள்?" என்று கேட்டுவிட்டுத் தன் லாரிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் பூக்கட்டும் நூலை எடுத்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒட்டு நாடாவால் பானெட் முழுக்க ஒட்டினேன். என் மைத்துனர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தபடி அதியமான்கோட்டை வரை கூடவே வந்தார். முன்பகுதியில் நூல்கள் தலை வாரியதுபோல் படிந்து பின்னோக்கி ஓடின. கண்ணாடிக்கு அருகே வந்ததும் தடுமாறின. செவுள் ஓரத்து நூல்களில் நான்கு, வேகம் அறுபதைத் தாண்டியதும் செவுளுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. சூட்டை வெளியே விடுவதற்கு நான் வெட்டிய வாசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஓசூரிலிருந்து:

உங்கள் நூல் சொன்னதை என் குழாய் எண்ணில் சொல்லும். என்னுடையது எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. முந்தைய எம்ஜிஏவில் பானெட்டுக்கு இருபுறமும் கண்ணாடியின் அருகே சிறு கிராதிகள் உண்டு; 1962இல் வந்த எம்ஜிபியின் பானெட்டில் ஒரு பொத்தல்கூடக் கிடையாது. வெட்டலாமா என்று நானும் யோசித்தேன். வெட்டிய தகட்டை ஒட்ட முடியாது என்பதால் முதலில் அளந்துவிடலாம் என்று தோன்றியது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் மூன்று மீட்டர் வாங்கினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பலகை, அதில் வளைத்துக் கட்டிய குழாய், பாதிக்கு நீலம் கலந்த தண்ணீர், பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோல். குழாயின் ஒரு முனை பானெட்டுக்கு உள்ளே. இன்னொரு முனையை வெளியே, பானெட் தோலோடு படியும்படி ஒட்டினேன். வாயில் காற்று நேராக மோதக் கூடாது. மோதினால் அளவு பொய்யாகிவிடும்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் மூக்கில் நேராக மோதும் காற்றின் அழுத்தம் கணக்குப்படி சுமார் 29 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது வளைத்த குழாயின் இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே வரும் வித்தியாசம். நூறில் ஓடினால் 45. இவ்வளவுதான் நம் கையிலிருக்கும் மொத்த முதல். இதை வைத்துத்தான் ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ள வேண்டும். சூளகிரிப் பக்கம் காலை ஆறு மணிக்கு, காற்று அடங்கியிருந்த நேரத்தில், 80 கிலோமீட்டரில் பார்த்தேன். பானெட்டின் முன் மூன்றிலொரு பங்கில் வெளி அழுத்தம் உள்ளே இருப்பதைவிட 11 மில்லிமீட்டர் குறைவு. நடுவில் 3 குறைவு. கண்ணாடியின் அடியில் 8 அதிகம்.

காரணம் கடினமானதல்ல. மூக்கைத் தாண்டி மேலேறும் காற்று அந்த வளைவில் வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. கண்ணாடியில் முட்டியதும் தயங்கி நிற்கிறது, அழுத்தம் ஏறுகிறது. கார் கம்பெனிகள் பயணிகளுக்கான காற்றைக் கண்ணாடியடிக் கிராதியிலிருந்து எடுப்பதும் இதனால்தான். பானெட்டின் பின் கீல்களில் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது அது உதவும். நெடுஞ்சாலையில் அது உங்கள் செவுள் செய்த அதே வேலையைத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அண்ணா. கணவாயில் நீங்கள் போனது இருபதில். அந்த வேகத்தில் மோதும் காற்றின் அழுத்தம் 2 மில்லிமீட்டர்கூட வராது. அங்கே செவுள் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். விசிறி இழுப்பதே காற்று. உங்கள் ரேடியேட்டருக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருக்கிறதா? என் வண்டியில் இருந்தது. காற்றும் நம்மைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது. நான் ரப்பர் பட்டையால் அந்தச் சந்துகளை அடைத்து, விசிறியைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடும் போட்டேன். பானெட்டை வெட்டவே இல்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து:

நான் டிங்கர். முப்பது வருடமாகத் தகடு தட்டுகிறேன். செவுளை வெட்டுவது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அது வெட்டு வேலை அல்ல, அழுத்து வேலை. கீழ் அச்சு, மேல் அச்சு இரண்டு வேண்டும். மேல் அச்சின் ஒரு விளிம்பு மட்டும் கூர்மை. அது தகட்டைக் கிழிக்கும். மற்ற மூன்று பக்கமும் மழுங்கல். அவை தகட்டை இழுத்துக் குமிழாக்கும். ஆழம் கூடினால் இரண்டு முனைகளிலும் விரிசல் விடும். முனை வளைவைத் தாராளமாக வைத்தால் விடாது.

அலுமினியப் பானெட்டென்றால் முதலில் சூடாக்கி மென்மையாகப் பதப்படுத்த வேண்டும். அலுமினியம் இரும்பைப்போல் சிவக்காது. சூடு போதுமா என்று கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று உருகி ஊற்றும். அதனால் தகட்டின் மேல் துணி துவைக்கும் சோப்பைத் தேய்ப்போம். அடியிலிருந்து தீ காட்டும்போது சோப்புக் கோடு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். கறுத்த அந்த நேரத்தில் தீயை எடுத்துவிட வேண்டும். என் மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. இன்றும் எனக்குத் தெர்மாமீட்டர் அதுதான்.

வரிசையின் ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டு போனால் தகடு தொய்ந்து டப் டப்பென்று அடிக்கும். நடுச் செவுளில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போக வேண்டும். பானெட்டின் அடியில் விலா எலும்புபோல் ஓடும் தாங்கு பட்டை மேல் கை வைக்கவே கூடாது.

ஒரு முறை ஒருவர் வந்தார், பெயர் வேண்டாம். செவுளின் வாய் முன்னோக்கி இருக்க வேண்டும் என்று பிடிவாதம்: "காற்று உள்ளே போனால்தானே எஞ்சின் குளிரும்?" நான் சொன்னேன், சார், முன் கிராதி வழியாக ஏற்கெனவே காற்று வருகிறது, அது போக வழியில்லாமல்தான் தவிக்கிறது, மேலிருந்தும் ஊற்றினால் முன்னால் வருவது நின்றுவிடும். கேட்கவில்லை. பணம் அவருடையது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்து அத்தனையையும் அடைக்கச் சொன்னார். அடைத்த கூலி வெட்டிய கூலியைவிட அதிகம்.

காரிமங்கலத்திலிருந்து:

சிரிக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் என் வண்டி கொதித்தது. முன்னால் இரண்டு வாழைக்கன்று, கிராதியை மூடி ஒரு ரோஜா மாலை, நடுவில் மாவிலைத் தோரணம். மெக்கானிக், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாம் என்றார். என் மகள் மாலையைக் கழற்றினாள். முள் இறங்கிவிட்டது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

செவுளுக்கு ஆதரவாகவும் ஒருவர் பேச வேண்டும். என் தொல்லை ஓடும்போது வருவதல்ல, நின்ற பிறகு வருவது. மாங்காய்ப் பருவம், சுங்கச்சாவடியில் நீண்ட வரிசை. எஞ்சினை அணைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உருளுகிறது, பிடிக்கவில்லை. எஞ்சின் நின்றதும் தண்ணீர் சுற்றுவது நின்று, எஞ்சினின் சூடெல்லாம் பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றினேன். பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனில் கச்சேரியே நடத்தினார்.

அதன் பிறகு பானெட்டின் முன் பாதியில் பக்கத்துக்கு ஆறு செவுள் போட்டேன். இப்போது வண்டியை நிறுத்தியதும் அவற்றின் மேல் காற்று கானல் நீர் போல் நெளிவது கண்ணுக்கே தெரியும். பம்பு மறுபடி முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழையில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தண்ணீர் நேராகச் சொட்டியது, வண்டி மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு வீடு வந்தது. இப்போது செவுள் வரிசையின் அடியில், மூன்று விரல் இடைவெளி விட்டு, சாய்வாக ஒரு தகட்டுத் தாம்பாளம் தொங்குகிறது. தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும், காற்றுக்குத் தடையில்லை.

தருமபுரியிலிருந்து, மீண்டும்:

ஓசூர்த் தம்பி கேட்டது சரி. ரேடியேட்டரின் வலப் பக்கம் என் கை மணிக்கட்டு வரை நுழைந்தது. இத்தனை வருடம் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மேற்புறமும் ரப்பர் வைத்து அடைத்தேன், விசிறிக்குக் கூடு போட்டேன். அதை மட்டும் செய்துவிட்டு ஒரு தடவை தொப்பூர் ஏறினேன். வேண்டுமென்றே அதே பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு லாரியின் பின்னால். 97 வரை போய் நின்றது, கொதிக்கவில்லை. சமவெளியில் 80 கிலோமீட்டரில் மட்டும் பழைய 95 அப்படியே இருந்தது.

பிறகு பழையபேட்டைக்குப் போய்ப் பின் செவுள்களை அடியிலிருந்து தகட்டால் மூடி, ரேடியேட்டரை ஒட்டிப் பின்னால் பக்கத்துக்கு ஐந்து புதுச் செவுள் போட்டேன், வாய் பின்னோக்கி. டிங்கர் அண்ணன் சோப்பை எடுக்கவில்லை, என் பானெட் இரும்பு. மறுபடி பூக்கட்டும் நூல் ஒட்டிப் பார்த்தோம். முன் செவுள் ஓரத்து நூல்கள் உள்ளே போகவில்லை. நுனி தூக்கி வெளிப்பக்கம் படபடத்தன. முள் 80 கிலோமீட்டரில் 84.

பின் செவுள்கள் மேலே அப்படியேதான் இருக்கின்றன. வழித்துச் சமமாக்கிப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார் டிங்கர் அண்ணன். வேண்டாம் என்றேன். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் அவற்றைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறார்கள்.