சேலம் பக்கம் டி.ஐ.சி. மைக்ராஸ்கோப் (சாயமேற்றாமலே ஒளிபுகும் மாதிரியைத் தெளிவாகக் காட்டுவது) எங்காவது இருக்கிறதா?

வணக்கம். சேலத்தில் ஏது கடல் என்று கேட்காதீர்கள், கடல் மணல் பரங்கிப்பேட்டையில் எடுத்தது, நான்தான் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒட்டுண்ணியாக இல்லாமல் தனித்து வாழும் உருளைப்புழு ஒன்று கிடைத்திருக்கிறது, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தலையோரம் வட்டமான ஆம்ஃபிட் (வேதிப்பொருள்களை உணரும் உறுப்பு), வால் நுனியில் நீளமான முடிகள், அதனால் டாப்டோனீமா பேரினம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் ஆணின் ஸ்பிக்யூல் (இணைசேர்க்கைக்கான முள் போன்ற உறுப்பு) நுனி இரண்டாகப் பிளந்திருப்பது நான் புரட்டிய எந்த விவரிப்பிலும் இல்லை.

உடல் நீளத்தை அகலம், தொண்டை, வால் என ஒவ்வொன்றாலும் வகுக்கும் டி மான் விகிதங்களை எடுத்துவிட்டேன். படம்தான் பாக்கி. எண்ணெய் லென்ஸும் டிராயிங் டியூபும் (பார்ப்பதை அப்படியே தாளில் வரைய உதவும் இணைப்பு) உள்ள டி.ஐ.சி. மைக்ராஸ்கோப் சேலம், ஏற்காடு பக்கக் கல்லூரிகளில் எங்கே இருந்தாலும் சொல்லுங்கள், கிளிசரின் ஸ்லைடுகளை நானே கொண்டு வருகிறேன் (கூரியரை நம்ப மனசு வரவில்லை).

அப்புறம், ஆண்கள் சில உண்டு, பெண் ஒன்றே ஒன்று. இது புதிய இனமென்றால் ஹோலோடைப்பாக (இனப்பெயருக்கு ஆதாரமாக வைக்கும் ஒற்றை மாதிரி) ஆணை வைத்துவிடலாம், சரி, ஆனால் ஒரே பெண்ணை வைத்து விவரித்தால் ஆய்விதழில் ஒத்துக்கொள்வார்களா? ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவெல்லாம் தெரியும். புழு வகைப்பாட்டில் கட்டுரை போட்டவர்கள் இதை மட்டும் சொல்லுங்கள்.