படம் இரண்டு விநாடி வந்து இருண்டுவிடுகிறது: பேக்லைட் கோளாறை எங்கிருந்து தேடுவது?

மங்கல்திரை (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர், பேக்லைட்டுக்கு, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தர, சி.சி.எஃப்.எல். என்ற மெல்லிய ஃப்ளோரசன்ட் ட்யூப் வைத்த பழைய வகை. ஆன் செய்தால் படம் நல்ல வெளிச்சத்தோடு வருகிறது, ஒன்றிரண்டு விநாடியில் திரை இருண்டுவிடுகிறது, பவர் விளக்கு மட்டும் பச்சையாகவே நிற்கிறது. அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தால் ஐகான்கள் லேசாகத் தெரிகின்றன, மவுஸை ஆட்டினால் அம்புக்குறியும் நகர்கிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்ததில் பவர் சப்ளையும், ட்யூப்களுக்கு ஹைவோல்டேஜ் கொடுக்கும் இன்வெர்ட்டரும் ஒரே போர்டில் இருக்கின்றன. இரண்டு ஹைவோல்டேஜ் ட்ரான்ஸ்ஃபார்மர், ட்யூப்களுக்கு நான்கு கனெக்டர். சால்டரிங் தெரியும், மல்டிமீட்டர் உண்டு, ஆஸிலோஸ்கோப் கிடையாது. எங்கே தொடங்கலாம்?

ஈயமுனை:

டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிகிறது என்றால் பேனலுக்கும் வீடியோ பகுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ட்யூப்கள் ஒருமுறை எரிந்து அணைவதால் இன்வெர்ட்டரும் வேலை செய்கிறது, ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டுபிடித்து அதுவே நிறுத்திக்கொள்கிறது. சி.சி.எஃப்.எல். இன்வெர்ட்டரில் உள்ள கன்ட்ரோலர் ஐ.சி. ஒவ்வொரு ட்யூபின் கரன்டையும் கவனித்துக்கொண்டே இருக்கும், ஒன்றில் கரன்ட் வரவில்லை என்றாலும் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

முதலில் பாதுகாப்பு. மின்சாரம் நுழையும் பக்கத்தில் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சடித்த பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், 230 வோல்ட் லைனில் அது சுமார் 320 வோல்ட் வரை ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தாங்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணாதீர்கள். சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ட்யூப் கனெக்டர்களில் ஆன் நிலையில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. ட்யூப் பற்றும்போது அங்கே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், அதுவும் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், சாதாரண மீட்டர் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

அப்புறம் ஒரு சோதனை, இதை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன். மெயின் போர்டிலிருந்து பவர் போர்டுக்கு வரும் ஒயர்களில் ஒன்று பேக்லைட் ஆன் சிக்னல், போர்டிலேயே ஆன் என்றோ ஈ.என்.ஏ. என்றோ எழுதியிருக்கும். திரை இருண்ட பிறகும் அதில் 3 முதல் 5 வோல்ட் நிற்கிறதா? நின்றால் அணைத்தது இன்வெர்ட்டர். விழுந்தால் மெயின் போர்டுதான் அணைக்கச் சொல்கிறது, அங்கே போய்த் தேட வேண்டும். அதே சமயம் இன்வெர்ட்டருக்குப் போகும் சப்ளை வோல்ட்டேஜ் ட்யூப் பற்றும் நொடியில் சரிகிறதா என்றும் பாருங்கள்.

சரிந்தால் பவர் சப்ளையின் செகண்டரி பக்கத்து (வோல்ட்டேஜ் வெளியே வரும் பக்கம்) எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல்தான் முதல் சந்தேகம். தலை உப்பியிருந்தால் பேச்சே இல்லை, உப்பாமலும் கெட்டிருக்கலாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டோ அதற்கு மேலோ, 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) வகை. சாதாரண கெப்பாசிட்டர் போட்டால் சூடேறி மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

ஒளிப்பட்டை:

ட்யூப், இன்வெர்ட்டர் இரண்டையும் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. கிட் போட்டுவிடலாமே? 12 வோல்ட், கிரவுண்ட், ஆன், டிம் என்று நாலு ஒயர்தான், பழைய போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஈயமுனை:

ட்யூபே போயிருந்தால் எனக்கும் அதுதான் சம்மதம். ஆனால் அதற்குப் பேனலைப் பிரிக்க வேண்டும். பின்னால் உள்ள ஷீட்களின் வரிசை மாறக்கூடாது, ஒரு தூசி உள்ளே போனால் திரையில் நிரந்தரமாகத் தெரியும், ட்யூப் உடைந்தால் உள்ளே பாதரசம் வேறு. சப்ளையே சரிந்துகொண்டிருந்தால் எல்.ஈ.டி.யும் மினுக்கும். போர்டைப் பார்த்து முடிக்காமல் பேனலைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

மங்கல்திரை:

ஆன் சிக்னல் இருண்ட பிறகும் 3.3 வோல்ட்டில் அப்படியே நிற்கிறது. சப்ளை மட்டும் ட்யூப் பற்றும்போது நன்றாகவே சரிந்தது. 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றின் தலை மேடாக இருந்தது, அந்த வரிசை முழுவதையும் மாற்றினேன். இப்போது சப்ளை அசையவில்லை, ஆனால் அதே இரண்டு விநாடி! ஐ.சி.யின் பாதுகாப்புக் காலைத் துண்டித்துவிடலாம் என்று எங்கோ படித்தேன், செய்யலாமா?

தாமிரச்சுருள்:

வேண்டவே வேண்டாம். அந்தப் பாதுகாப்பு போனால் கோளாறான ட்ரான்ஸ்ஃபார்மர் நிற்காமல் ஓடும், உள்ளேயே பொறி பறந்து போர்டு கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

கெப்பாசிட்டர் ஒரு கோளாறு, இன்னொன்றும் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ட்யூப் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ட்ரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரி (ட்யூபுக்குப் போகும் சுருள்) ரெசிஸ்டன்ஸை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். சர்க்யூட் டயக்ராம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே போர்டில் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு வீதம் ஒரே மாதிரி நாலு சுருள் இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு அளவுகோல். வழக்கமாக பல நூறு ஓம் காட்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் உள்ளே ஷார்ட், எதுவுமே காட்டாவிட்டால் ஓப்பன், அதாவது கம்பி அறுந்திருக்கிறது.

நாலும் ஒன்றுபோல் இருந்தால் அடுத்தது ட்யூப். எரியும் அந்த இரண்டு விநாடியில் மேல் ஓரமோ கீழ் ஓரமோ இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா, கனெக்டர் ஒயர் பழுப்பாகக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மங்கல்திரை:

அளந்தேன். மூன்றில் 870 ஓம் சுற்றி வருகிறது, நாலாவதில் எதுவுமே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தச் சுருளின் கம்பி ட்ரான்ஸ்ஃபார்மரின் பின்னில் (உலோகக் காலில்) சுற்றியிருக்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி, கம்பி அங்கேதான் விட்டிருக்கிறது போல. தலைமுடியை விட மெல்லிசு.

தாமிரச்சுருள்:

அதேதான். பச்சை என்றால் தாமிரம் அரித்திருக்கிறது. அறுந்தது அந்தப் பின்னை ஒட்டியே என்றால் காப்பாற்றலாம்: ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றுங்கள், ஒரு சுற்று மட்டும் பிரித்தெடுத்து, முனையில் எனாமல் (கம்பியின் மேல்பூச்சு) போகும் அளவுக்குச் சூடான ஈயத்தைத் தொட்டு வைத்து, பின்னில் சுற்றிப் பற்றவையுங்கள். 870 வந்தால் போடலாம். பற்றவைத்த இடத்தில் ஃப்ளக்ஸ் துளிகூட மிச்சம் இல்லாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவிடுங்கள், இவ்வளவு வோல்ட்டேஜில் அழுக்கு வழியாகவே கசியும். பின்னில் சரிசெய்த பிறகும் ஓப்பன் என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது, அதே நம்பர் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் போடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வேறொன்றை மாட்டாதீர்கள், சுற்று எண்ணிக்கை மாறினால் ஐ.சி. மறுபடியும் அணைத்துவிடும்.