150 ஹெர்ட்ஸ் ஃபில்டர்: ஜிஎம்-சியா, ஸ்விட்ச்டு கெப்பாசிட்டரா?

நிபோங் தெபால் மாணவி:
இறுதியாண்டு புரோஜெக்ட்டுக்கு ஈசிஜி (இதயத்தோட மின்துடிப்பைப் பதியறது) சிப் பண்றேன், 0.18 மைக்ரான் பிராசஸ்ல. 100 மடங்கு ஆம்ப்ளிஃபயருக்கு அப்புறம் 150 ஹெர்ட்ஸ் லோபாஸ் (அதுக்கு மேல உள்ளதை வெட்டற ஃபில்டர்) வேணும். ஜிஎம்-சி (டிரான்ஸ்கண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போடலாமா, இல்ல ஸ்விட்ச்டு கெப்பாசிட்டரா (கிளாக்ல ஸ்விட்ச் பண்ற கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் மாதிரி பயன்படுத்தறது)?

தீவுக்காரன்:
வேண்டாம் தங்கச்சி. கெப்பாசிட்டர் 10 பிக்கோஃபாரட்னு வெச்சா, ஜிஎம் (வோல்டேஜ் மாறினா கரண்ட் எவ்வளவு மாறும்ங்கற அளவு) சுமார் 9.4 நேனோசீமென்ஸ்தான் இருக்கணும். அப்போ டிரான்சிஸ்டர்ல ஓடுறது ஒரு நேனோஆம்பியருக்கும் கீழே. சிப் சூடானா லீக்கேஜே, அதாவது தானா கசியற கரண்ட்டே, அதுக்குப் போட்டியா நிக்கும். அதோட 1 மில்லிவோல்ட் ஈசிஜி உன்கிட்ட 100 மில்லிவோல்ட்டா வருது. இவ்வளவு குறைஞ்ச கரண்ட்ல, அதாவது வீக் இன்வெர்ஷன்ல இருக்கற சாதாரண டிஃபரென்ஷியல் பேர் அதைத் தாங்காது, க்யூஆர்எஸ் (ஈசிஜியோட கூர்மையான அலை) உச்சி மழுங்கிடும். ஸ்விட்ச்டு கெப்பாசிட்டர்ல 1 பிக்கோஃபாரட், 10 கிலோஹெர்ட்ஸ் கிளாக், அவ்வளவுதான்: 100 மெகாஓம் கிடைச்சிடும்.

பாயான் பாரு அக்கா:
அலியாசிங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே தம்பி! 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல வர்ற இரைச்சல் எல்லாம் மடங்கி ஈசிஜி மேலயே விழும். முன்னால 1 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி ஃபில்டர் ஒண்ணு போட்டாலும் அங்க 20 டெசிபெல்தான் குறையும். லீனியாரிட்டிக்கு, அதாவது பெரிய சிக்னலும் மழுங்காம இருக்க, சோர்ஸ் டிஜெனரேஷன் இருக்கு, பல்க்-டிரிவன் உள்ளீடு இருக்கு. நெஞ்சுல ஒட்டி, காயின் செல்லுல ஓடப்போற சிப் இது. கரண்ட்தான் முதல் கணக்கு.

தீவுக்காரன்:
அப்போ கிளாக்கை 100 கிலோஹெர்ட்ஸா ஏத்தினா 40 டெசிபெல் குறையுமே அக்கா.

பாயான் பாரு அக்கா:
ஏத்தினா, அதே 100 மெகாஓமுக்கு உங்க 1 பிக்கோஃபாரட் 0.1 ஆயிடும். அந்த அளவுல லேஅவுட் பேராசிட்டிக்கும் (வயர்ல தானா சேர்ற கெப்பாசிட்டன்ஸ்) மேட்சிங்கும் உங்க விகிதத்தையே கெடுக்கும். ஓப்-அம்ப்பும் பத்து மடங்கு வேகமா செட்டில் ஆகணும், அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்?

டெஸ்ட் ஃபுளோர்:
1972ல இன்டெல் வந்ததுல இருந்து இந்தப் பினாங்குத் தீவு டெஸ்ட்டுல பேர் வாங்கின இடம். அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்லணும். ஜிஎம்-சி கட்ஆஃப் (ஃபில்டர் வெட்டற இடம்) பிராசஸ், வெப்பநிலை ரெண்டுக்கும் நகரும். ஒவ்வொரு சிப்பையும் டெஸ்டர்ல வெச்சு டிரிம் பண்ணணும், அதாவது அளந்து திருத்தணும். 1 ஹெர்ட்ஸ் அளக்க ஒரு முழு சைக்கிளுக்கே 1 செகண்ட் போகுது. ஸ்விட்ச்டு கெப்பாசிட்டர்னா, ஓப்-அம்ப்ல வேகத்துக்கு இடம் விட்டிருந்தா, டெஸ்ட்டுல மட்டும் கிளாக்கை ஏத்தி சீக்கிரம் முடிச்சிடலாம். டெஸ்டர் நேரம் சும்மா வர்றதில்ல.

பாயான் பாரு அக்கா:
அது நியாயமான கேள்விதான். ஆனா பயாஸ் கரண்ட்டை (ஜிஎம்மை நிர்ணயிக்கற நிலையான கரண்ட்) ஒரு ஸ்விட்ச்டு கெப்பாசிட்டர் ரெசிஸ்டர்ல இருந்து எடுத்தா, ஜிஎம்-சியும் கிளாக்கோட பூட்டிக்கும். டிரிம் பெரும்பாலும் வேண்டாம். சிக்னல் பாதையில ஸ்விட்ச்சும் இல்ல.

தீவுக்காரன்:
லீக்கேஜை அந்தப் பூட்டு சரி பண்ணாதே அக்கா! தங்கச்சி, ரெண்டையும் 85 டிகிரியில, எஃப்எஃப் கார்னர்ல (டிரான்சிஸ்டர் எல்லாம் வேகமா வர்ற பிராசஸ் எல்லை), 100 மில்லிவோல்ட் கொடுத்து ஓட்டு. டிஸ்டார்ஷனையும் மொத்தக் கரண்ட்டையும் இங்கயே போடு.